ப்ளஸ் ஒன் பரீட்சை போச்சு... சந்தோஷமா?

2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்து. ஜூனியர்கள் எல்லாம் ஒரே குஷி. எனக்குத்தான் எங்கேயோ உதைக்கிறது.

இந்தத் தேர்வு ஏன் வந்தது என்று நாமக்கல்காரர்களுக்குச் சொல்லணுமா என்ன? நம்ம பக்கம் கோழிப்பண்ணைக்கு அடுத்து பேர் வாங்கியது ஹாஸ்டல் பள்ளிகள்தானே! பல இடங்களில் பத்தாவது முடித்த கையோடு ப்ளஸ் டூ புத்தகம் வந்துவிடும். இரண்டு வருஷமும் அதே பாடம், அதே டெஸ்ட். ப்ளஸ் ஒன் புத்தகம் புது வாசனை போகாமல் டிரங்குப் பெட்டிக்குள் தூங்கும். மார்க் என்னவோ 1200-ஐ ஒட்டி வரும் (அப்போது மொத்தமே 1200). காலேஜ் முதல் வருஷக் கணக்கில் முழிப்பது தனிக்கதை.

அதைத் தடுக்கத்தான் 2017-18ல் பொதுத்தேர்வு. 2018லேயே உயர்கல்விக்கு ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இருந்தாலும் பாடம் நடத்தியாகணுமே என்ற பயமாவது இருந்தது.

நீட்டில் இரண்டு வருஷப் பாடமும் வருகிறது. காசு இருப்பவன் விட்டதைக் கோச்சிங்கில் பிடித்துக்கொள்வான். கடன் வாங்கி ஹாஸ்டலில் சேர்த்த வீட்டுப் பையன்?

தொடர்ந்து மூணு வருஷம் பொதுத்தேர்வு பாரம்தான், ஒத்துக்கிறேன். அதற்கு ஃபெயிலை மட்டும் எடுத்துவிட்டு, விடைத்தாளை வேறு பள்ளியில் திருத்தச் சொல்லியிருக்கலாம்.