மூடிய ஆலையின் விஸ்கியும் நம்ம கல்லீரலும்

"டாக்டர், மட்டமான சரக்குதான் உடம்பைக் கெடுக்கும். நல்ல ஐட்டம் ஒண்ணும் பண்ணாது." ஓபியில் அடிக்கடி கேட்கிற வசனம். சரி, உலகமே நல்ல ஐட்டம்னு கொண்டாடுற ஒண்ணையே எடுத்துப்போம். நீளமான த்ரெட்தான், பொறுமையா படிங்க மக்களே.

கருயிசாவா. ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், அசாமா எரிமலை அடிவாரத்தில் 1955-ல் தொடங்கின சின்ன விஸ்கி ஆலை. கோல்டன் பிராமிஸ் பார்லி, ஷெர்ரி ஒயின் இருந்த ஓக் பீப்பாய்னு மெனக்கெட்டுப் பண்ணாங்க. ஆனா பெரும்பகுதி கலப்பு விஸ்கிக்குள்ளதான் போச்சு. 1980-களுக்குப் பிறகு ஜப்பானிலேயே விஸ்கி மவுசு குறைய, 2000-த்தோட வடிக்கிறதை நிறுத்திட்டாங்க. மிச்சமிருந்த பீப்பாய்கள் 2011-ல் கைமாறின. அப்புறம்தான் உலகம் தேட ஆரம்பிச்சது! 1960-ல் வடிச்சு 52 வருஷம் ஊறின ஒரு பாட்டில், 2020-ல் சோத்பீஸ் ஏலத்தில் 3,63,000 பவுண்டுக்குப் போச்சு. ஆலை ஓடினப்ப எங்கய்யா இருந்தீங்க எல்லாரும்?

அப்ப ருசி எல்லாம் பொய்யா? இல்லவே இல்லை. டோக்கியோ பார் ஒண்ணுல 15 மில்லி ருசிச்சிருக்கேன் (காசு நண்பரோடது). உலர்திராட்சை, பழைய மரப்பெட்டியைத் திறந்தா வர்ற வாசம், கடைசியில் லேசா புகை. ரொம்ப நேரம் வாயிலேயே நின்னுச்சு.

இதுல நாக்கோட பங்கு கம்மி. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமியோட அதன் வேலை முடிஞ்சது. விழுங்கினதும் ஆவி தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொடுது. மிச்ச "ருசி" எல்லாம் அங்கதான். சளி பிடிச்சா ரசம் சப்புன்னு இருக்குமே, அதே கதை. தொண்டை எரியறது தரத்துக்கு அடையாளம் இல்லைங்க. மிளகாய்க் காரத்தை உணர்ற அதே ஏற்பியைத்தான் ஆல்கஹால் சீண்டுது. தெரிஞ்சவங்க சில சொட்டு தண்ணி விடுறது இதுக்குத்தான்.

இப்ப கல்லீரலுக்கு வருவோம். பீப்பாய் கொடுத்தது நிறம், வனிலின், டானின். எத்தனால் 52 வருஷம் கழிச்சும் எத்தனால்தான். சொல்லப்போனா, கருயிசாவா பாட்டில்கள் பலதும் 60 சதவீதத்தை ஒட்டினவை. அதுல 30 மில்லி எடுத்தா சுமார் 14 கிராம் எத்தனால். சாதாரண 40 சதவீத விஸ்கியில் ஒன்பதரை கிராம். விலை ஏற ஏற உள்ளே போறது இங்க கூடியிருக்கு! அது உடம்புக்குள்ள அசிட்டால்டிஹைடா மாறி டிஎன்ஏ-வைச் சேதப்படுத்துது. மதுவை 1988-லேயே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைச்சாச்சு. ஜப்பானியர்களில் கணிசமான பேருக்கு இந்த அசிட்டால்டிஹைடைக் கழிக்கிற நொதி மரபணுவிலேயே மந்தம். கொஞ்சம் குடிச்சாலே முகம் சிவந்துடும், தொடர்ந்து குடிச்சா உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் அதிகம். இதை வடிச்ச ஊர்க்காரங்களுக்கே இந்த நிலைமை.

"அப்ப 2024-ல் கள்ளக்குறிச்சியில் செத்தது மட்டமான சரக்காலதானே டாக்டர்?" ஆமா. அது மெத்தனால், வேற விஷம், நாள் கணக்கில் கொல்லும். நல்ல சரக்கு அந்த விஷத்திலிருந்து காப்பாத்தும், அவ்வளவுதான். சிரோசிஸ் வார்டுல படுத்திருக்கிறவங்க பலரும் குடிச்சது முறையா பில் போட்டு வாங்கின சரக்கு.

குடிக்காதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்க ஒரு காரணமும் இல்லை. குடிக்கிறவங்களுக்கு எங்கயாவது இது கிடைச்சா, 15 மில்லியோட நிறுத்துங்க, ஒரு மணி நேரம் மோந்து பாருங்க.

"ஃபேட்டி லிவர் இருக்கு, மோந்து மட்டும் பார்க்கலாமா?"ன்னு கமெண்ட்ல கேட்கப் போறவங்களுக்கு: தாராளமா. கிளாஸை பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கொடுத்துடுங்க.