உறுதிமொழியைத் திருத்தினோம், வார்டை?

2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்கள் ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதிலாக 'மகரிஷி சரகர்' உறுதிமொழியை வாசித்தார்கள். மேடையில் இரண்டு அமைச்சர்கள் இருந்தார்கள். டீன் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார், சில நாட்களில் திரும்பியும் வந்தார். தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைத்த அந்த வாசகத்தில், கணவரோ நெருங்கிய உறவினரோ உடனிருந்தால்தான் ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு மூலமான சரக சம்ஹிதை, பசுவையும் பிராமணரையும் முன்னே வைத்துத்தான் உயிர்களின் நலம் வேண்டச் சொல்கிறது. எதிர்த்தது சரிதான். இன்னொரு முறை வந்தாலும் எதிர்ப்போம்.

ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு என் பெரியம்மாவின் நினைவாகவே இருந்தது.

எங்களுக்குச் சுவாமிமலைப் பக்கம். நடவு, களை என்று வயலிலேயே வாழ்க்கையைக் கழித்தவர் பெரியம்மா. வயிற்றில் கட்டியென்று ஓர் அரசு போதனா மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். (பெயர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம்.) ஒரு காலை எட்டு, ஒன்பது மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்தார்கள். "நல்ல கேஸ், எல்லாரும் பார்த்துக்குங்க" என்றார் முதுநிலை மாணவர். அறுபது வயதுப் பெண்ணைப் பார்த்து "சேலையை இறக்கு" என்றார். திரைத்தட்டி வார்டு மூலையில் சும்மா நின்றது. ஒருவர் மாற்றி ஒருவர் வயிற்றை அழுத்தினார்கள். எங்கள் ஊரில் அவர் கை படாமல் காசை மேலிருந்து போடுகிறவர்கள் உண்டு. இங்கே கேட்காமலே இத்தனை கைகள்.

பெரியம்மா கோபப்படவில்லை. "படிக்கிற புள்ளைங்க, தொட்டுப் பார்த்தாத்தானே கத்துக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். கடைசியாகப் போன ஒரு மாணவி மட்டும் சேலையை இழுத்து மூடிவிட்டு, "வலிச்சுதாம்மா?" என்று கேட்டாராம். அந்தப் பெண்ணை இன்றும் விசாரிக்கிறார்.

காசு கட்டிப் படுப்பவர் இப்படி 'கேஸ்' ஆவதில்லை. ஏழைகளின், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர்களின் உடம்பில்தான் இந்த நாட்டு மருத்துவம் கற்கப்படுகிறது. அந்தக் கடனுக்கு 'நீங்க' என்ற மரியாதைகூட வட்டியாக வருவதில்லை.

அந்த முதுநிலை மாணவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. முந்தின இரவு அவர் தூங்கியிருக்க மாட்டார். பேராசிரியர் அவர்மீது கத்துவார், அவர் பயிற்சி மருத்துவர்மீது, அவர் செவிலியர்மீது, எல்லாம் சேர்ந்து கடைசியில் தூய்மைப் பணியாளர் மீதும் நோயாளி மீதும் விழும். இந்தப் படிக்கட்டு சாதிக்கு நன்கு பழகிய இடம்.

2019 மே 22 அன்று மும்பையில் பாயல் தட்வி இறந்தார். டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு முதுநிலை மாணவி, தட்வி பில் பழங்குடியைச் சேர்ந்தவர், வயது 26. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், அறுவை அரங்கில் வேலை கற்கவிடாமல் ஒதுக்கினார்கள் என்று சீனியர்கள் மூவர் மீது குற்றச்சாட்டு. முன்பே முறையிட்டும் பயனில்லை என்றது குடும்பம். ஒன்றும் புதிதில்லை. டெல்லி எய்ம்ஸில் விசாரித்த தோரட் குழு 2007லேயே எழுதியது: பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள்.

மும்பை, டெல்லி என்று நாம் தள்ளி நிற்க முடியாது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தோம். பெருமைதான். அந்தப் பிள்ளை விடுதிக்குள் நுழைந்ததும் கேட்கப்படுவது 'நீட்ல எவ்வளவு?' மதிப்பெண்ணைக் கேட்பதுபோல் சாதியைக் கேட்கும் கேள்வி அது.

விதிகள் இல்லாமல் இல்லை. சாதியைக் குறிவைத்த துன்புறுத்தலும் ராகிங்தான் என்று 2016இல் பல்கலைக்கழக மானியக் குழு திருத்தம் செய்தது. மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே 2021இல் தனி விதிகள் வந்தன. ஆனால் யார் புகார் தருவார்? லாக் புக்கில் கையெழுத்துப் போடுபவர், ஆய்வேட்டு வழிகாட்டி, அறுவை அரங்கில் கத்தியைக் கையில் கொடுப்பவர், எல்லாரும் அதே துறைக்காரர்கள். நானும் ஆய்வு மாணவன்தான். வழிகாட்டியின் ஒரு கையெழுத்துக்கு எத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று தெரியும்.

ஆகவே புகாரை விசாரிப்பவர் அந்தத் துறைக்கு, முடிந்தால் அந்தக் கல்லூரிக்கே வெளியிலிருந்து வரட்டும். முறையிட்டவரின் லாக் புக்கிலும் தேர்விலும் வேறு துறைப் பேராசிரியர் கையெழுத்திடட்டும். மாணவரின் நடத்தைக்கு மதிப்பெண் போடும்போது வார்டு செவிலியரையும் தூய்மைப் பணியாளரையும் கட்டிலில் படுத்திருப்பவரையும் கேளுங்கள். அந்தத் திரைத்தட்டியை மூலையிலிருந்து எடுத்துவர அரசாணைகூட வேண்டியதில்லை.