டிஜிட்டல் ரேடியோவும் கிராமத்துக் குடியானவரும்

புதிய சாதனம் எதுவாயினும், அதனால் தம் நிலத்துக்கும் குடும்பத்துக்கும் விளையும் பயன் என்னவென்று கேட்டறிந்த பின்னரே பணம் செலவிடுவது குடியானவர் வழக்கம். டிஜிட்டல் ரேடியோவையும் அவ்வாறே ஆராய வேண்டும். இன்றைய நிலையில் ஒலிபரப்புவோர் ஆயத்தமாயிருக்கின்றனர். கேட்போர் கையிலோ கருவி இல்லை. இக்குறை தீராதவரை இம்முறை கிராமங்களில் வேரூன்றுவது அரிது.

இதன் அனுகூலங்கள் மறுக்கத்தக்கவையல்ல. ஆகாசவாணி மேற்கொண்ட டி.ஆர்.எம். முறையில் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். மத்திய அலைக்கு உரிய இரைச்சல் நீங்கும்; மின்செலவு குறையும்; குரலுடன் எழுத்துச் செய்தியும் வரும். சென்னை உட்பட 30-க்கு மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் இதற்குரிய டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டன. தனியார் நிலையங்களுக்கும் 13 நகரங்களில் இவ்வசதியை அளிக்கலாமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 அக்டோபரில் சிபாரிசு செய்தது. அவற்றுள் சென்னையும் ஒன்று.

ஆனால் கருவியின் நிலைமை வேறு. புதிய மோட்டார் கார்கள் சிலவற்றில் அது அமைந்து வருகிறது. வீட்டில் வைத்துக் கேட்கும் கருவியின் விலையோ சாதாரண டிரான்சிஸ்டரைப் போல் பன்மடங்கு. வாங்குவோர் இல்லையென்று செய்வோரும், மலிவான கருவி இல்லையென்று வாங்குவோரும் கூறுகின்றனர். மரம் முந்தியா வித்து முந்தியா என்னும் வழக்கு இதுவே.

சென்னையின் பழைய அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் தொடங்கிய ரேடியோ சங்கம் பொருள் முடையால் 1927-ல் ஒலிபரப்பை நிறுத்திற்று. 1930-ல் நகரசபை அப்பணியை ஏற்றது. 1938-ல் அகில இந்திய ரேடியோ நிலையம் ஏற்பட்டது. பொதுநிதியின் ஆதரவு கிட்டிய பின்னரே ஒலிபரப்பு நிலைபெற்றது. பயனுள்ள செய்தியைக் குடியானவர் எவ்வளவு விரைவில் கைக்கொள்வர் என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே சான்று. 1960-களில் திருச்சி நிலையத்தின் வாயிலாக ஏ.டி.டி. 27 நெல் பரவியது; மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர்.

கைப்பேசி இருக்க ரேடியோ எதற்கு என்பார் உளர். ஊத்துக்கோட்டைத் தாலுகாவினருக்கு இதற்கு விடை தெரியும். பிச்சாட்டூர் அணையின் உபரி நீர் ஆரணியாற்றில் பெருகிவருங்கால், தரைப்பாலம் மூழ்கித் திருவள்ளூர்ச் சாலை துண்டிக்கப்பட்டதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசிகள் செயலற்றுப் போயின. அத்தகைய வேளையில் கோபுரத்தையும் இணையத்தையும் எதிர்பாராது, பாட்டரியின் உதவியால் பேசக்கூடியது ரேடியோ ஒன்றே. அபாய அறிவிப்பு வந்தால் கருவி தானாகவே அந்த நிகழ்ச்சிக்கு மாறும் ஏற்பாடும் டிஜிட்டல் முறையில் உண்டு.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய முறையில் அலை வலுக்குறைந்தாலும் இரைச்சலுக்கிடையே சொல் விளங்கும். டிஜிட்டல் முறையில் அலை ஓரளவுக்குக் கீழ் தேய்ந்தால் ஒலி அறவே நின்றுவிடும். ஆதலின் எல்லையோரக் கிராமங்களில் நேரில் சோதித்தறியாமல் பழைய ஒலிபரப்பை நிறுத்துதல் தகாது. நார்வே தேசத்தில் 1995-ல் டிஜிட்டல் ரேடியோ தொடங்கிற்று. தேசிய நிலையங்கள் எப்.எம். முறையைக் கைவிட்டது 2017-ல்தான். செல்வம் மிக்க அத்தேசமே இருபதாண்டுகளுக்கு மேல் இருமுறைகளையும் நடத்தியதென்றால், நம் நாட்டில் அவசரம் கூடாது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. கருவியின் விலை குடியானவரின் சக்திக்கு உட்பட வேண்டும். அதுவரை மத்திய அலையில் பழைய ஒலிபரப்பும் தொடர வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் நிகழ்ச்சி இடத்தில் சினிமாப் பாட்டை மட்டும் நிரப்பாமல், மழைக்குறிப்பு, அணை நீர்மட்டம், பூச்சி நோய் எச்சரிக்கை, சந்தை விலை ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் தமிழிலும், எல்லைப்புறத்தாருக்குத் தெலுங்கிலும் அளித்தல் வேண்டும்.

முன்னாளில் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியதுண்டு. அதுபோல் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒவ்வொரு டிஜிட்டல் கருவி வைத்துச் சோதிக்கக் கிராம அதிகாரிகள் விண்ணப்பிக்கலாம். நிலமுடையோர் அதை ஒரு பருவம் முழுதும் கேட்டு, தெளிவாய்க் கேட்கும் நேரத்தையும் கேளாத நேரத்தையும் குறித்துத் தெரிவித்தால், நிலையத்தாருக்கு அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை. வெள்ளம் வருமுன் பிச்சாட்டூர்ச் செய்தி ஆற்றங்கரைக் குடிசைக்கு எட்டுமாயின் இம்முறை வென்றதாகும். எட்டாதாயின் எத்தனை டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவியும் பயனில்லை.