முறிந்த எலும்புக்கு ஒரு நீதி, பருத்த உடலுக்கு வேறொரு நீதியா?

புத்தூர் என்றதும் தமிழகத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது எலும்புமுறிவுக் கட்டு. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியிலுள்ள எங்கள் ஊருக்கு, முறிந்த கைகால்களோடு மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கின்றனர். பச்சிலை, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் தப்பை ஆகியவையே அக்கட்டின் பொருள்கள். அதன் மருத்துவத் தகுதியைக் குறித்து இங்கு வாதிட வரவில்லை. சிறுவயது முதல் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். வண்டியிலிருந்து தூக்கி இறக்கப்படும் எவரிடமும், “நீ ஏன் விழுந்தாய்? பார்த்து நடந்திருக்கலாமே” என்று கேட்டுக் கட்டுப்போட மறுத்ததை நான் கண்டதில்லை. குடித்துவிட்டு வண்டியோட்டி விழுந்தவனுக்கும் அங்கே கட்டு உண்டு.

அந்த ஊரில் பிறந்த நான், சென்ற மாதம் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்ததை வீட்டில் சொன்னேன். என் உயரம் 162 சென்டிமீட்டர்; எடை 112 கிலோ. உடல் நிறை எண் ஏறத்தாழ 43. ஆறாண்டுகளாக நீரிழிவு. உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதால் இரவில் முகமூடிக் கருவி இன்றிப் படுக்க இயலாது. வயது 31. இவ்வளவும் வீட்டார் அறிந்தவையே. ஆயினும் முதலில் வந்த கேள்வி, “வாயைக் கட்ட முடியாதா உன்னால?” என்பதுதான். கேட்டவர் என் தாய்மாமன். தறிப்பட்டறையில் வழுக்கி விழுந்து முழங்கை முறிந்தபோது, அன்றே கட்டுப்போட்டுக்கொண்டு வந்தவர் அவர்.

இக்கட்டுரையின் கருத்து இதுதான்: அறுவையைப் பற்றிய குடும்பத்தாரின் அச்சத்தில் இரு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உயிர் பற்றிய அச்சம், அது நியாயமானது. மற்றொன்று, பருமன் நோயன்று, ஒழுக்கக் குறை என்னும் தீர்ப்பு, அது நியாயமற்றது. இரண்டையும் பிரிக்காமல் பேசினால் எந்த வீட்டிலும் உரையாடல் சண்டையில்தான் முடியும். என் வீட்டில் முதல் இரண்டு வாரங்கள் அப்படித்தான் முடிந்தது.

முதலில் உயிரச்சம். 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் இச்சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. அச்செய்தியை என் பெரியப்பா கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தார். அதைக் காட்டியபோது நான் சொன்ன விடை, “எனக்கு ஒன்றும் ஆகாது.” அதைவிடப் பிழையான விடை இல்லை. அது பொய் என்பது சொன்ன எனக்கும் தெரியும், கேட்ட அவருக்கும் தெரியும். பொய்யோடு தொடங்கிய பேச்சில் பின்னர் சொல்லும் உண்மைகளும் எடுபடுவதில்லை.

பிறகு எண்களோடு அமர்ந்தேன். அமெரிக்காவில் 4,776 நோயாளரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப்பின் 30 நாள்களுக்குள் இறந்தோர் 0.3 விழுக்காடு. ஆயிரத்துக்கு மூவர். அம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த மூணு பேர்ல நீ இருந்தா?” என்றார். அதற்கு எந்த ஆய்வேட்டிலும் விடையில்லை. “தெரியாதும்மா” என்றேன். இரு வாரங்களில் நான் சொன்ன முதல் நேர்மையான சொல் அது. அதன்பிறகே அவர் என் பேச்சைக் கேட்கத் தொடங்கினார்.

மறுதட்டில் வைக்க வேண்டியதையும் சொன்னேன். அறுவை வேண்டாம் என்பது ஆபத்தே வேண்டாம் என்பதாகாது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளியாயின. அறுவை செய்துகொண்டோர், அதே அளவு பருமனோடு வழக்கமான சிகிச்சையில் இருந்தோரைவிடச் சராசரியாக மூன்றாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். அதே ஆய்வு, அவர்களது ஆயுள் பொதுமக்களின் ஆயுளைவிட ஐந்தரை ஆண்டுகள் குறைவு என்றும் கூறுகிறது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். இது வரமன்று, கணக்கு.

அடுத்தது அந்தத் தீர்ப்பு. “நாவை அடக்கினால் போதும்” என்போர் என் பன்னிரண்டு ஆண்டு உணவுக்கட்டுப்பாட்டைக் கண்டவர்களே. 18 கிலோ குறைத்தேன்; 23 கிலோ ஏறியது. எடை குறையும்போது உடல் அதனைப் பஞ்சமாகவே கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் மிகுகிறது. உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது. இழந்த எடையை மீட்கும்வரை உடல் ஓய்வதில்லை. ஸ்லீவ் எனப்படும் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்படுகிறது. கிரெலின் பெரிதும் சுரக்கும் மேற்பகுதி அதில் அடங்கும். ஆகவே இது வயிற்றைச் சுருக்குவது மட்டுமன்று. பசியின் கட்டளையைத் தணிப்பதும் ஆகும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 36 விழுக்காட்டுப் பெண்களும் தமிழ்நாட்டில் 40 விழுக்காட்டுப் பெண்களும் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே தலைமுறையில் மனவுறுதி குன்றிவிட்டதா? “இது அழகுக்காகச் செய்வது” என்ற மாமனுக்கு ஒரு செய்தி சொன்னேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த நெறி, பிற வழிகள் பயன்படாத நிலையில், உடல் நிறை எண் 40ஐ எட்டியோருக்கும், 35ஐ எட்டிக் கடும் இணைநோய் உடையோருக்கும், மருத்துவர் அறிவுரையின் பேரில் செய்யும் இவ்வறுவையை விலக்குப் பட்டியலிலிருந்து விடுவித்தது. பணம் தர எளிதில் இசையாத காப்பீட்டு நிறுவனங்களே நோய் என ஏற்பதை உறவினர் ஏற்கத் தயங்குவது வியப்பே.

எனினும் குடும்பத்தார் கேட்டவற்றுள் எனக்குத் தோன்றாதவையும் இருந்தன. “ஊசி வந்திருக்கிறதாமே?” என்றாள் தங்கை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியச் சந்தைக்கு வந்தது. அதைக் குறித்து மருத்துவரிடம் நான் கேட்கவே இல்லை. அவள் சொன்னபின் கேட்டேன். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும், நீண்டகாலச் செலவையும் அறிந்தபின் அறுவையையே தேர்ந்தேன். ஆனால் அறிந்து தேர்ந்தேன். “அவசரம் நேர்ந்தால் அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்? பிறகு யார் பார்ப்பார்கள்?” என்று பெரியப்பா கேட்டார். விளம்பரத்தை மட்டும் பார்த்துச் செல்லும் எவரும் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. அச்சம் நல்ல கேள்விகளையும் பெறும்.

அம்மாவின் கவலையோ வேறு. பல நாள் கழித்தே சொன்னார்: “அப்புறம் என் கையால என்னதான் கண்ணு சாப்பிடுவே?” நெசவாளர் வழக்காறுகளைத் தேடி ஊர்ஊராகச் சென்று பிறர் பேசப் பொறுமையோடு கேட்டெழுதும் நான், சொந்த வீட்டில் இதைக் கேட்க இத்தனை நாள் ஆயிற்று. அவருக்கு அறுவை என்பது கத்தி மட்டுமன்று. முப்பதாண்டுகளாகச் சோற்றால் காட்டிய அன்பு இனி செல்லாது என்னும் அறிவிப்பு.

அவரைத் திருப்பதியில் உணவு வல்லுநரிடம் அழைத்துச் சென்றேன். முதல் வாரங்களில் நீர்ம உணவு, பின் கூழ்ப்பதம், பின்னர் சிறு கிண்ண அளவில் முட்டை, பருப்பு, மீன், தயிர். வாழ்நாள் முழுதும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள், இரத்தப் பரிசோதனை. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரித்தல் கூடாது. எல்லாவற்றையும் அம்மா தறிக்கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில், “சின்ன கிண்ணமா நாலு வாங்கணும்” என்றார். சம்மதம் என்ற சொல்லை அவர் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே இந்நிலையில் இருப்போருக்கு நான் சொல்வது இது. குடும்பத்தை ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட மட்டும் அழைக்காதீர்கள். ஆபத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஒருவரையேனும் மருத்துவரிடம் உடனழைத்துச் செல்லுங்கள். அறுவை சில மணிநேரம். அதன் பிந்திய வாழ்வு அடுக்களையில், அவர்களோடு. ஆனால் முடிவு உடலுக்குரியவருடையது. அதை எவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

குடும்பத்தாருக்கும் ஒன்று. அஞ்சுங்கள், கேளுங்கள், வாதிடுங்கள். “ஏன் விழுந்தாய்” என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்டுக் கட்டுப்போடும் வழக்கமில்லை.

வரும் மாதம் எனக்கு அறுவை. மாமன் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனம் மாறியதாகச் சொல்லவில்லை. அது போதும்.