மூன்று நாட் காய்ச்சலுக்குக் கணக்கில்லையா?



நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் கணக்கு வைக்கும் உலகம், மூன்று நாட் காய்ச்சலுக்கு என்ன கணக்கு வைத்திருக்கின்றது? மல்வேர்னிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று மணிக்கூலிக்கு உழைக்கும் எம்மவர் சார்பில் இக்கேள்வியை எழுப்புகின்றோம்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஈகியூ-5டி வினாக்கொத்து, நடமாட்டம், சுயபராமரிப்பு, அன்றாடக் கடமைகள், வலி, மனக்கவலை ஆகிய ஐந்தும் "இன்று" எவ்வாறுள்ளன என்றே வினவுகின்றது. சென்ற வாரம் படுக்கையிற் கிடந்தவர் இவ்வாரம் நலமுற்றவராகவே பதிவாகின்றார். அவ்விடைகளை எண்ணாக்கிக் காலத்தாற் பெருக்கி, 'தரம் சீராக்கிய வாழ்வாண்டு' கணிக்கப்படுகின்றது. கனடாவில் புதிய மருந்துகளின் பெறுமதியை ஆராய்வோரும் இவ்வளவையே நாடுகின்றனர். முற்றாக முடங்கிய மூன்று நாட்கள் இதில் 365இல் 3, ஏறத்தாழ 0.008!

நீண்டகால நோய்களை ஒப்பிட இவ்வளவை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நெல் நிறுக்கும் தராசிற் குன்றிமணிப் பொன்னை வைத்தால் முள் அசையுமா? இழந்த கூலியும், வாடகைக் கவலையும், காய்ச்சலோடு வேலைக்குச் சென்ற வேதனையும் அந்த 0.008இனுள் அடங்குமா?

அளவுகோல் காணாததைச் சட்டமும் காண்பதில்லை. ஒன்ராறியோவில் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2 நாள் ஊதிய விடுப்பு, 2019 ஜனவரியில் நீக்கப்பட்டது. ஊதியமற்ற 3 நோய் விடுப்பு நாட்களே எஞ்சின. 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு மல்வேர்ன் முன்னுரிமைப் பகுதியாயிற்று. அவ்வாண்டு கோவிட்டின் பொருட்டு வழங்கப்பட்ட 3 நாள் ஊதியமோ 2023 மார்ச் 31உடன் முடிவுற்றது. மத்திய அரசின் தொழிற்சட்டத்திற்கு உட்பட்ட வங்கி, விமான சேவை ஊழியருக்கு 2022 டிசம்பரிலிருந்து ஆண்டுக்கு 10 நாட்கள் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு. காய்ச்சல் என்ன, தொழில் பார்த்தா வருகின்றது?

தமிழில் அளக்க இயலாது என்று எவரும் கூறமுடியாது. உலக சுகாதார நிறுவனம் தனது வாழ்க்கைத்தர வினாக்கொத்தை உருவாக்கியபோது, சென்னையும் அதன் தொடக்கக் கள மையங்களுள் ஒன்றாகும். ஆகவே குறுநோயை நோயின் நடுவிலேயே, நாள்தோறும், நோயாளியின் மொழியில் வினவுங்கள். இழந்த ஊதியத்தையும் வினாவிற் சேருங்கள் என்பதே எமது கோரிக்கை.

பெற்றோரே, "சும்மா காய்ச்சல்தான்" என்று மருத்துவரிடம் மழுப்பாதீர்கள். இளையோரே, அவர்கள் இழந்த ஒவ்வொரு நாளையும் குறித்து வையுங்கள். அக்குறிப்புடன் உங்கள் மாகாண சபை உறுப்பினரின் கதவைத் தட்டுங்கள். நாம் எண்ணாத நாட்களை எமக்காக எவரும் எண்ணப் போவதில்லை.