சிவப்பு ஸ்கெட்ச் மட்டும் தீர்ந்துபோச்சு

டைம்டேபிள் போட்டா குடும்பம் ஒழுங்கா ஓடும்னு முதல்ல சொன்ன புண்ணியவான் யாருங்க? ஒரே ஒரு நாள் அவரை ஜவ்வாது மலைக்குக் கூட்டிட்டு வாங்க. திண்ணையில உட்கார வெச்சு சாமைக் கஞ்சி குடுக்கிறேன். பொழுது சாயற வரைக்கும் தாங்கறாரான்னு பார்த்துடுவோம்.

சென்னையில இருக்கிற என் நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினா. பளபளன்னு ஒரு கிச்சன், சுவத்துல வெள்ளை போர்டு, ஆளுக்கு ஒரு கலர். அம்மா சிரிக்கிறாங்க, அப்பா சிரிக்கிறார், பிள்ளைங்க தானா வந்து தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போகுதுங்க. கீழே, "அண்ணி, ட்ரை பண்ணுங்க, டென்ஷன் குறையும்"னு ஒரு ஸ்மைலி வேற. குறையுமாம்!

சரின்னு மகளை விட்டு சார்ட் பேப்பர்ல கட்டம் போட்டேன். அவருக்கு நீலம், மகளுக்குப் பச்சை, பையனுக்கு ஆரஞ்சு, எனக்குச் சிவப்பு. எழுதி முடிக்கிறதுக்குள்ள சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துபோச்சு. கடைசி நாலு வரியை மகள் பேனாவுல எழுதினா. நீல ஸ்கெட்ச் இன்னைக்கும் புதுசாட்டம் இருக்கு. அவர் கைப்பட எழுதின ஒரே ஐட்டம்: 'வண்டி கழுவுதல்.' பிக்கப் வண்டி ஓட்டறாருங்க. புளி, பலாப்பழம், சாமை மூட்டைன்னு மலையில இருந்து போளூருக்கு இறக்குவார். தொழிலுக்கு வெச்சிருக்கிற வண்டியைக் கழுவறது வீட்டு வேலையா? கேட்டா, "வீட்டு வாசல்லதானே நிக்குது"ங்கறார். தினம் டிக் அடிச்சது அந்த ஒரு கட்டம்தான்.

பீரோ கதவுல ஒட்டியாச்சு. நான் ஜமுனாமரத்தூர்ல ஆபீஸ்ல இருக்கேன். போன் வருது. "மா, இன்னைக்குப் பாத்திரம் என் டர்னா, அவன் டர்னா?" எங்கடி நிக்கிறேன்னு கேட்டா, பீரோ பக்கத்துலயாம்! தலையைத் தூக்கினா தெரியும். தூக்க மாட்டா. அம்மாவுக்கு ஒரு போன் அடிச்சா வேலை முடிஞ்சுதே. அடுத்து அவர். "ஏம்மே, பால் சொசைட்டிக்கு யாரு போகணும்னு போட்டிருக்கே?" நீங்கதாங்க. "ஓ, இன்னைக்கு லோடு இருக்கே." முடிஞ்சுது. நீலக் கட்டம் சிவப்பாயிடுச்சு. சிவப்புக் கட்டம் நீலமா மாறி நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

மாமியாருக்குக் கட்டமே போடலை. வயசானவங்க. ஆனா கருத்து சொல்ல அவங்களுக்குக் கட்டம் தேவையில்லையே. "நாங்கல்லாம் சாட்டு ஒட்டினா குடும்பம் பண்ணோம்? கோழி கூவுச்சுன்னா உரல்ல சாமையைப் போட்டுக் குத்தினு இருப்போம்"னு ஆரம்பிப்பாங்க. நிஜம்தான். சாமைக்கு உமி நீக்கறது லேசுப்பட்ட வேலையா? உலக்கை போட்டுக் குத்தி, புடைச்சு, மறுபடி குத்தின தலைமுறை அது. இப்போ மிஷின் வந்து அந்தப் பாடு போச்சு. மிச்சமான நேரம் எங்கே போச்சுன்னு கேளுங்க. ஓடிபி வர்றதுக்குக் காத்திருக்கிறதுல போச்சு.

வீட்டு ஆளுங்களைக்கூட அதட்டி உருட்டி வழிக்குக் கொண்டு வந்துடலாங்க. வெளியில இருக்கிறவங்களை என்ன பண்றது? தண்ணி விடறவர் ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி வால்வைத் திறப்பார், இன்னொரு நாள் நான் பஸ் ஏறினப்புறம் திறப்பார். ரேஷன்ல இந்தத் தெருவுக்கு இந்தத் தேதின்னு சொல்லுவாங்க. பர்மிஷன் போட்டுட்டு ஓடினா மிஷின் கைரேகையை எடுக்காது. மாமியார் விரல்ல ரேகை இருந்தாத்தானே எடுக்கும்? அதைத்தான் உலக்கை தின்னுடுச்சே. "சர்வர் இல்லைம்மா, நாளைக்கு வா." நாளைக்கு வான்னு எவ்வளவு சுலபமா சொல்லிடறாங்க! அந்த நாளைக்கும் ஒரு சார்ட் இருக்குன்னு யாருக்காவது தோணுதா?

பக்கத்து வீட்டு அக்கா நிலைமை இதுக்கும் மேல. அவங்க வீட்டுக்காரர் சீசனுக்குக் கர்நாடகா காபி எஸ்டேட்டுக்குப் போயிடுவார். அங்கே நீலக் கட்டத்துக்கு ஆளே கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போனா, 2023 ஜனவரியில இருந்து ஆப்ல ரெண்டு போட்டோ கட்டாயம்னு ஆயிடுச்சு, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடிச்சாலும் ரெண்டாவது போட்டோவுக்கு வெயில்ல காத்துக்கிடக்கணும். கட்டிப் போட்ட மாடு காத்திருக்குமா? அந்த விதியை எழுதினவர் வீட்ல மாட்டை யாரோ ஒரு அம்மா பார்த்துக்கிட்டிருப்பாங்க போல.

அப்புறம் இந்த ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப். ராத்திரி ஒன்பதரைக்கு டிங்னு சத்தம். 'நாளை மாணவர்கள் சூரியக் குடும்பம் சார்ட் கொண்டு வரவும்.' மலையில அந்த நேரத்துக்கு எந்தக் கடைங்க திறந்திருக்கும்? பையன் பீரோவைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். அவ்வளவுதான், எங்க குடும்ப டைம்டேபிள் குப்புறப் படுத்துடுச்சு. பின்பக்கத்துல நடுவுல சூரியன், சுத்தி கிரகங்கள். சிவப்பு மை ஊறி இந்தப் பக்கம் வந்ததால நெப்டியூனை ஒட்டி 'மாட்டுக்குத் தண்ணி'ன்னு கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பித் தெரியுது. டீச்சர் ஒரு ஸ்டார் போட்டு அனுப்பியிருந்தாங்க!

யுரேனஸுக்கு வளையம் போடுடான்னு நான்தான் சொன்னேன். பின்னே? எங்க மலைப் பெருமையாச்சே. 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சுக்கிட்டுப் போனப்போ அந்த வளையங்களோட தடயத்தைப் பிடிச்ச இடங்கள்ல எங்க காவலூர் ஆய்வகமும் ஒண்ணு. இப்போ அதுக்கு வைணு பாப்பு வான் ஆய்வகம்னு பேரு. அங்கே டெலஸ்கோப் நேரத்தை முன்கூட்டியே ஆளாளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. மேகம் வந்துட்டா அந்த ராத்திரி போச்சு. அதுக்காக விஞ்ஞானியை யாராவது திட்டுவாங்களா? வானம் சரியில்லைன்னு டீ குடிச்சுட்டுப் படுப்பாங்க. எங்க வீட்ல மேகம் வந்தா மட்டும், "நீதான் சரியா பிளான் பண்ணலை"ங்கறாங்க. பஸ் லேட்டானாலும் நான் பிளான் பண்ணலை, கரண்ட் போய் மாவு அரைக்க முடியலைன்னாலும் நான் பிளான் பண்ணலை.

நல்லது நடந்தா நல்லதுன்னு சொல்லிடணும். 2023 ஆகஸ்ட்ல காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டு வந்தாங்க. நாலாவது படிக்கிற பையனுக்கு இட்லிக்கு ஊத்தி, ஊட்டாத குறையா கெஞ்சின அரை மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைச்சுது. எந்தக் கலர் பேனாவாலயும் ஆகாததை ஸ்கூல்ல கொதிக்கிற ஒரு பானை உப்புமா சாதிச்சுடுச்சு. வேலையை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டாத்தான் வேலை குறையும். கட்டம் போட்டா எப்படிங்க குறையும்?

ஸ்ரீபதி விஷயத்துலயும் எனக்கு இதே கோபம்தான். இந்த மலைப் பொண்ணு, புலியூர்க்காரங்க. 2023-ல பிரசவமாகி ரெண்டே நாள்ல சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதி ஜெயிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் பூரிச்சுப்போனோம். அடுத்த நிமிஷமே ஃபார்வர்டு வர ஆரம்பிச்சுது: 'மனசு வெச்சா நேரம் தானா வரும்.' தானா எங்கே வந்துச்சு? முதல்வரே வாழ்த்தினப்போ அவங்க அம்மாவையும் கணவரையும் சேர்த்துத்தானே வாழ்த்தினார். தோள் கொடுக்க ரெண்டு பேர் நின்னாங்க. ஃபார்வர்டு அடிச்ச அண்ணன்மார் அந்தப் பாதியை மட்டும் எப்படித்தான் மறந்தாங்களோ!

கணக்கு வேணுமா? சர்க்கார் கணக்கே இருக்கு. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டு ஆய்வு. 2019-ல வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிச்சாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம். 2024-ல மறுபடி எடுத்தாங்க. நமக்கு 289. அடடா, பத்து நிமிஷம் மிச்சம்னு சந்தோஷப்படறீங்களா? பொறுங்க. அவங்களுக்கு 88. அவங்களும் ஒன்பது நிமிஷம் குறைச்சுக்கிட்டாங்க! அந்த 88-கூட வீட்டு வேலைன்னு ஏதோ ஒண்ணைத் தொட்ட ஆம்பளைங்களோட சராசரிதான். அப்படித் தொட்டவங்களே நாலுல ஒருத்தர் சொச்சம். மீதிப் பேர் கணக்குலயே வரலை. பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ச்சல் மருந்து தீர்ந்துபோச்சே, கேஸ் புக் பண்ணணுமே, பொண்ணு யூனிபார்ம்ல ஊக்கு போயிடுச்சேன்னு மண்டைக்குள்ள ஓட்டிக்கிட்டே வர்றேனே, அதை எந்த நிமிஷத்துல சேர்க்கிறது?

நாத்தனார் போன் பண்ணா. "சார்ட் எப்படி அண்ணி போகுது?" சூரியக் குடும்பத்துக்குப் போயிடுச்சும்மான்னேன். அவளுக்குப் புரியலை. பரவாயில்லை, ஒரு ஆப் இருக்கு, எல்லார் போன்லயும் போட்டுட்டா தானா ஞாபகப்படுத்துமாம். இன்ஸ்டால் பண்ணி, நாலு பேர் பேரையும் போட்டு, வேலையெல்லாம் ஏத்தறது யாருன்னு கேட்டேன். "நீங்கதான் அண்ணி, வேற யாரு?"

அடுத்த வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், திருவண்ணாமலையில. கூட ஒரு ஆள் இருக்கணும். பையனுக்கு அன்னைக்குத்தான் பேரண்ட்ஸ் மீட்டிங். மாடு வேற இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. ராத்திரி சாப்பாட்டுல பேச்செடுத்தேன். அவர் ரசத்தைப் பிசைஞ்சுக்கிட்டே ரொம்ப யோசிச்சார். நிஜமாவே யோசிச்சாருங்க. யோசிச்சுட்டு, "நீ லீவு போட்டுடேன்" அப்படின்னார்.