தாலி கட்டும் நொடி திரும்பி வராது!

கலியாண வீட்டில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். சமையல்காரர் வருகிறார். பந்தல்காரர் வருகிறார். மேளக்காரர் வருகிறார். பூக்காரர் வருகிறார்.

மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். பூ வாடிவிடுகிறது. விருந்தின் ருசியும் நாலு நாளில் மறந்துபோகிறது. போட்டோகிராபர் செய்த வேலை மட்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது. பேரன், பேத்திகள் காலம் வரை அது இருக்கிறது.

ஆகவே, கலியாணப் படம் எடுப்பது பிழைப்பு மட்டும் அல்ல. பெரிய பொறுப்பும் ஆகும். சின்ன ஊரில் சின்னக் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் பொறுப்பு இன்னும் அதிகம். ஏன் என்றால், இன்று படம் எடுத்த வீட்டாரை அவர் நாளைக்குக் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும்!

எண்ணி எடுத்த காலம்

பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகர் என்பவர் கண்டுபிடித்த படம் எடுக்கும் முறை 1839-ம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிறகு இந்தக் கலை நம் நாட்டுக்கும் வந்தது.

ஒரு காலத்தில் புதுமணத் தம்பதிகள் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். பின்னர் போட்டோகிராபரே கலியாண வீட்டுக்கு வந்தார். ஒரு சுருள் பிலிமில் 12 படம் அல்லது 36 படம்தான். "பிளாஷ்" பல்பு ஒரு தடவை மின்னினால் தீர்ந்தது. எனவே ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுத்தார்கள்.

பிலிம் தயாரிப்பதற்காக 1960-ம் ஆண்டு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. அந்தத் தொழிற்சாலை இப்போது இயங்கவில்லை. பிலிமின் இடத்தை டிஜிட்டல் காமிரா பிடித்துக்கொண்டது. ஒரே கலியாணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். விருந்தாளிகள் கையிலும் செல்போன் இருக்கிறது.

"அப்படியானால் போட்டோகிராபர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

விருந்தாளி எடுத்த படம் சரியாக வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. போட்டோகிராபரைக் கேட்பார்கள். கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

சட்டை சரியில்லை என்றால் வேறு சட்டை தைத்துவிடலாம். தாலி கட்டும் நொடி போனால் போனதுதான். ஆகவே நல்ல போட்டோகிராபர் இரண்டு காமிரா எடுத்துப் போவார். இரண்டு மெமரி கார்டு போடக்கூடிய காமிராவில் ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். வீடு திரும்பியதும், தூங்கப் போகும் முன்பே, படங்களை இன்னும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துவார். அவருக்குத் திடீர்க் காய்ச்சல் வந்தால்? பக்கத்துக் கடைக்காரர் போய் முகூர்த்தத்தைக் காப்பாற்ற வேண்டும். தொழிலில் போட்டி இருக்கலாம், பகை கூடாது.

படம் யாருடையது?

இது பலருக்குத் தெரியாத விஷயம். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே மணமகளின் படத்தைக் கடை வாசலிலோ, இன்டர்நெட்டிலோ விளம்பரத்துக்காகப் போடும் முன் அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அது ஒரு வீட்டுப் பெண்ணின் முகம். அந்த மரியாதை வேண்டாமா?

கணக்கும் வழக்கும்

"ஒரு வருஷம் ஆகியும் ஆல்பம் வரவில்லை" என்று கலியாண வீட்டார் குறை சொல்கிறார்கள். "ஒரு வருஷம் ஆகியும் பாக்கிப் பணம் வரவில்லை" என்று போட்டோகிராபர் குறை சொல்கிறார். இரண்டு குறையையும் ஒரு காகிதம் தீர்த்துவிடும். எத்தனை படம், என்ன தொகை, எந்தத் தேதியில் ஆல்பம் என்று எழுதி இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்டால் சண்டைக்கு இடம் ஏது?

தை மாதம் முகூர்த்தம் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கடை வெறிச்சோடும். தையில் வந்த பணத்தை ஆடிக்கும் சேர்த்து வைக்கத் தெரிந்தவரே முதலாளி. புதுக் காமிரா வாங்கக் கந்துவட்டிக்குப் போகக் கூடாது. 2015-ம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழில்களுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கொடுக்கிறார்கள்.

கலியாணத்துக்கு முன்பே மணமக்களை வெளியூர் கூட்டிப்போய்ப் படம் பிடிப்பது, ஆகாயத்தில் பறக்கும் காமிரா என்று இப்போது செலவு ஏறிவிட்டது. வசதி உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும். கடன் வாங்கிக் கலியாணம் செய்யும் தகப்பனாரிடம், "ஐயா, உங்களுக்கு இது தேவை இல்லை. சின்ன ஆல்பமே போதும்" என்று சொல்லும் போட்டோகிராபரை அந்தக் குடும்பம் மறக்குமா? அடுத்த பெண் கலியாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மறுக்க வேண்டிய கலியாணம்

2018-ம் ஆண்டு துருக்கி நாட்டில் ஒரு போட்டோகிராபர் கலியாணப் படம் எடுக்கப் போனார். மணமகளுக்கு 15 வயதுதான் என்று அறிந்ததும் படம் எடுக்க மறுத்தார். வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாகிவிட்டது.

கைகலப்பு வேண்டாம். மறுத்ததைப் பாராட்டலாம். நம் நாட்டில் பெண்ணுக்கு 18 வயதும், ஆணுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, இத்தகைய கலியாணத்தை நடத்துகிறவர்களுக்கும் உடந்தையாக இருப்பவர்களுக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும், ரூ.1 லட்சம் வரை அபராதமும் உண்டு. நாள் குறிக்க வருகிறவர்களிடம் வயதைக் கேட்பது போட்டோகிராபரின் கடமை. சந்தேகம் இருந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். ஒரு நாள் கூலி போகும். ஒரு சிறுமியின் வாழ்வு பிழைக்கும்.

பாட்டிக்கு ஒரு படம்

பல வீடுகளில் பெரியவர் கண்ணை மூடிய பிறகுதான் படம் தேடுவார்கள். கடைசியில் ஏதோ ஒரு கலியாணக் கூட்டத்தில் ஓரமாக நின்ற முகத்தை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, மாலை போடுவார்கள். முகம் மங்கலாகத் தெரியும்.

இந்தக் குறையை முன்கூட்டியே தீர்க்கலாம். கலியாண வீட்டில் தாத்தா, பாட்டியை உட்காரவைத்துத் தனியாக ஒரு படம் எடுக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். வேலை இல்லாத ஆடி மாதத்தில் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், ஏழை முதியவர்களைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு இனாமாகக் கொடுக்கலாம். அங்குள்ள இளைஞர் இரண்டு பேருக்குத் தொழிலும் கற்றுத்தரலாம்.

2011-ம் ஆண்டு ஜப்பானில் சுனாமி வந்தபோது ஊர் ஊராக அழிந்தது. சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கி எடுத்தார்கள். கழுவி உலர்த்தினார்கள். உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள். வீடு வாசல் இழந்தவர்களும் ஒரு படத்துக்காகத் தேடி வந்தார்கள்.

படம் என்பது காகிதம்தான். ஆனால் அதில் இருப்பவர்கள் நம்முடைய மனிதர்கள். இதை நினைவில் வைத்துத் தொழில் செய்பவருக்குக் காசும் வரும். ஊரார் வாழ்த்தும் வரும்.